நுகுவாராவில் ஒரு சமாதானம்

மனிதகுலம் முழுவதும் ஒரே குடும்பமாக வாழ முடியுமா என்று ஞானிகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கேட்டுவந்த கேள்விக்கு எங்கள் நுகுவாராத் தீவின் கிழக்குக் கடற்கரையில்தான் விடை கிடைத்தது. முடியும். இரண்டு வாரம் வரை முடியும். அதற்கு மேல் தங்க வேண்டுமென்றால் முன்பதிவு வேண்டும்.

ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை காலையில் படகு வரும். ஒரு குடும்பம் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே ஏறும். இன்னொரு குடும்பம் முதுகுப்பைகளோடு இறங்கும். இறங்கிய குடும்பத்துக்கு நான் தேங்காய் வெட்டிக் கொடுப்பேன். ஏறிய குடும்பத்தின் பெயர்கள் அதற்குள் எனக்கு மறந்துவிட்டிருக்கும்.

இதற்கு 'நுகுவாராக் குலம்' என்று பெயர். வைத்தவர் ரூபர்ட் என்ற இங்கிலாந்துக்காரர். அவர் எங்களிடமிருந்து கடற்கரையைக் குத்தகைக்கு வாங்கி, எட்டுக் குடில், ஒரு பெரிய குடில், தண்ணீர் ஊற்றாமல் மரத்தூள் போடும் நாலு கழிப்பறை, ஒரு மரவள்ளித் தோட்டம் எல்லாம் அமைத்தார். குலத்துக்கு ஒரு தலைவர் உண்டு. படகுக்குப் படகு, வந்திருப்பவர்களில் ஒருவரைக் கைபேசியில் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். எங்கள் நிஜத் தலைவர் ஏழு தலைமுறைத் தலைவர். முட்டிவலிக்காகத் தலைநகர் சுவாவில் இருக்கிறார். அவர் தலைவராவதற்கு அவருடைய அப்பா சாக வேண்டியிருந்தது. இவர்களுக்கு ஒரு மத்தியானம் போதும்.

குலத்தின் பதிவேட்டில் என் உத்தியோகம் 'மூத்தவர்'. எனக்கு வயது ஐம்பத்து மூன்று. ஈரப்பலா மரத்தடியில் உட்கார்ந்து தேங்காய் உரிக்க வேண்டும், காலையிலும் சாப்பாட்டு நேரத்திலும் மரமுரசைத் தட்ட வேண்டும், யாராவது கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் தலையாட்ட வேண்டும். என் தங்கை ரைஜேலிக்குச் சமையலறை. வேலை முடிந்ததும் குன்றைத் தாண்டி எங்கள் ஊருக்குப் போய்விடுவோம். அங்கே ஜெனரேட்டர் உண்டு, டிவி உண்டு, டின் மீனும் நூடுல்ஸும் உண்டு. வருகிறவர்கள் எங்களைப் போல வாழவே வருகிறார்கள். நாங்கள் எப்படி வாழ்கிறோம் என்று பார்த்தால் மனமுடைந்து போவார்கள் என்பதால் நடுவில் குன்று இருப்பது நல்லது.

என் மனைவி உனைசி இறந்து பதினோரு மாதம். சர்க்கரை. கால் கட்டைவிரலில் ஆரம்பித்து, முட்டி வரைக்கும் எடுத்துப் பார்த்தார்கள். வேறு சொல்வதற்கில்லை.

மனைவி இறந்தால் எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை கறுப்பு உடுத்துவான். முடியையும் தாடியையும் வெட்ட மாட்டான். நூறு நாள் ஆனதும் உறவு கூடிக் கறுப்பை இறக்கும். அதற்கு முதலில் அவன் வாய்திறந்து நாள் சொல்ல வேண்டும். அவனுடைய உடன்பிறந்தவள் பாய் முடைந்து, பூப்போட்ட புதுச்சட்டை தைத்துத் தயாராக வைத்திருப்பாள். நான் நூறாவது நாள் சொல்லவில்லை. இருநூறாவது நாளும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. நாளைகள் நிறைய வந்துகொண்டிருந்தன.

இதற்கிடையில் ரூபர்ட் என்னைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். 'பாரம்பரிய உடையில் குலத்தின் மூத்தவர்' என்று கீழே எழுதியிருந்தது. அடுத்த படகில் இறங்கியவர்களில் பாதிப் பேர் கறுப்புச் சட்டையில் வந்தார்கள். அதற்கடுத்த படகில் எல்லாரும் வந்தார்கள். பிறகு ரூபர்ட்டே கறுப்புச் சட்டைகளை மூட்டையாக வரவழைத்து அடுக்கிவிட்டார். இளைஞர்கள் தாடி வளர்த்தார்கள். காலையில் கடற்கரையில் இருபது பேர் கறுப்பில் வரிசையாக நின்று யோகா செய்யும்போது, உனைசிக்கு இவ்வளவு சொந்தமா என்று இருக்கும்.

ரைஜேலிக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. சண்டை இல்லை. அண்ணனும் தங்கையும் வயதுக்கு வந்தபின் நேருக்கு நேர் பேசுவதில்லை, முகம் பார்ப்பதில்லை, ஒரே பாயில் சாப்பிடுவதில்லை. மரியாதை. எனக்குக் கல்யாணமானதிலிருந்து முப்பது வருடம் நடுவில் உனைசி இருந்தாள். நாத்தனாரும் அண்ணியும் கேலிமுறை. வாய்க்கு வந்ததைப் பேசலாம். நான் சொல்வதை அங்கே கொண்டுபோவாள், அங்கே சொல்வதை இங்கே கொண்டுவருவாள். இப்போது அந்த இடம் காலி.

இந்தச் சனிக்கிழமைப் படகில் ரைஜேலி பெரிய தீவிலிருக்கும் லவுட்டோகாவுக்குப் போகிறாள். மகள் வீட்டோடு இருந்துவிடப் போகிறாள். எனக்கு வேறு உடன்பிறப்பு இல்லை. அவள் படகேறுவதற்குள் நான் நாள் சொல்லாவிட்டால், கறுப்பை இறக்க ஆளில்லை. பிறகு அதோடுதான் என்னைப் புதைக்க வேண்டும்.

இதைத் திங்கட்கிழமை எனக்கு எடுத்துச் சொன்னவன் வைசேயா. என் மாமன் மகன், படகோட்டி. அவனுக்கு எங்கள் இரண்டு பேரிடமும் கேலிமுறை என்பதால் சேதி கொண்டுபோக முறை உண்டு. யோக்கியதை இல்லை. பாதிரியார் ஜெபக்கூட்டம் ஏழு மணிக்கு என்று சொல்லச் சொன்னதை, பன்றி அறுப்பு ஏழு மணிக்கு என்று அவன் சொல்லப்போய், ஊர் முழுக்கப் பாத்திரத்தோடு சர்ச்சுக்கு வந்து நின்றது.

"மச்சான், ஒன் தங்கச்சி கேக்கச் சொன்னா."

"என்ன?"

"எப்பன்னு."

"பாக்கலாம்."

"போன மாசமும் இதத்தான் சொன்ன. அதுக்கு முந்துன மாசமும் இதத்தான். கடல்லகூட அலை மாறி மாறி வருதுடா. ஒன் வாயில மட்டும் ஒரே அலை."

"பாக்கலாம்னு சொல்லு."

"சொல்றேன். அவ கரண்டிய எடுத்து என் மண்டையில போடுவா. அதையும் ஒன்கிட்ட கொண்டாந்து குடுக்கணுமா?" அவன் என் தாடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். "வௌவால் ஏதும் குடியிருக்குதா உள்ள? வாடகை வாங்குறியா?"

நான் தேங்காயை எடுத்துக் கம்பியில் குத்தினேன். அவன் போய்விட்டான்.

இந்த முறை தலைவி கிர்ஸ்டன், டென்மார்க்குக்காரி. கழிப்பறை நாற்றத்தை ஒழிப்பேன் என்று நின்ற கனடாக்காரரை எட்டு ஓட்டில் தோற்கடித்தவள். அவள் ஊரில், பெரிய கம்பெனிகளில் மேலதிகாரிகள் ஒருவரோடொருவர் பேசாமல் போனால் இவளைக் கூப்பிட்டுப் பேசவைப்பார்களாம். நுகுவாராவில் மேலதிகாரிகள் இல்லாததால் அவளுக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது. நான் வந்தால் ரைஜேலி திரும்பிக்கொள்வதையும், அவள் தட்டைக் கல்மேல் வைத்துவிட்டுப் போனபிறகே நான் எடுப்பதையும் மூன்று நாள் பார்த்திருக்கிறாள். எங்கள் பாஷையைக் கைபேசியில் படித்தவள். அதனால் பைபிள் வாசிப்பது போலப் பேசுவாள்.

"மூத்தவரே, நான் தங்களைக் கவனித்துவருகிறேன்."

"ஆமாம்."

"தாங்களும் சமையலறைச் சகோதரியும் ஒருவரையொருவர் நோக்குவதில்லை."

"ஆமாம்."

"தங்களிருவருக்கும் இடையே ஆறாத காயம் ஒன்று உள்ளது அல்லவா?"

"ஆமாம்."

"அது ஆற வேண்டுமென்று தங்கள் இதயம் விரும்புகிறதா?"

"ஆமாம்."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அடுத்த தேங்காயை எடுக்க வேண்டியிருந்தது.

குற்றம் அவள்மேல் இல்லை. விருந்தாளி எதைக் கேட்டாலும் ஆமாம் என்பது எங்கள் ஊர் மரியாதை. இந்தத் தண்ணீரில் சுறா உண்டா? ஆமாம். பயப்பட ஒன்றுமில்லைதானே? ஆமாம். கேட்டவர் சந்தோஷமாகப் போய்க் குளிப்பார். அப்படியே பழகிவிட்டது. உனைசியை எரித்தீர்களா புதைத்தீர்களா என்று ஒரு பெண் கேட்டபோதுகூட ஆமாம் என்றுதான் சொன்னேன்.

புதன்கிழமை கிர்ஸ்டன் குன்றேறி எங்கள் ஊருக்கே வந்து, ஊர்நாட்டாமை இலைத்தியாவின் முன்னால் மண்டியிட்டு, கரைத்துக் குடிக்கும் கவா வேர்க்கட்டு ஒன்றைக் காணிக்கையாக வைத்து, மனப்பாடம் செய்த வேண்டுகோளைச் சொன்னாள். இலைத்தியா டிவியில் ரக்பி பார்த்துக்கொண்டிருந்தார். சமோவாவுக்கு எதிராக நம் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்த நேரம். அவர் கட்டைத் தொட்டார், மூன்றுமுறை கைதட்டினார், 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்றார். பந்து வெளியே போனது. கவா தொட்டு ஏற்றதை ராஜாவே வந்தாலும் திருப்ப முடியாது.

சேதி பரவியதும் பெண்கள் அவர் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள்.

"அண்ணனையும் தங்கச்சியையும் முட்டிக்கு முட்டி உக்கார வெக்கப்போறாளாம். நீங்க சரின்னீங்களாமே?"

"எப்பவும் போல நன்றி சொல்ல வந்திருக்கான்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்தைகூடவா காதுல விழல?"

"விழுந்துச்சு. 'குடும்பம்'னு விழுந்துச்சு. அந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாத்துக்கும் குடும்பம்தானே சொல்லுவாங்க, கக்கூசு கழுவவும் அதையே சொல்றாங்க." இலைத்தியா எழுந்து டிவியை அணைத்தார், அது அவர் வருத்தப்படும்போது செய்வது. "வாங்கியாச்சு. இனி திருப்பிக் குடுத்தா கடவுளுக்கும் ஆகாது, ரூபர்ட்டுக்கும் ஆகாது. ரெண்டு பேரும் கண்ண மூடிக்கிட்டு உக்காரட்டும்."

ரைஜேலி ஒன்றும் சொல்லவில்லை என்றார்கள். பாத்திரங்கள் சொல்லின. வியாழக்கிழமை முழுவதும் சமையலறையிலிருந்து தகரக்கொட்டகை இடிவது போலச் சத்தம். எனக்கு வெட்கம் வர வேண்டும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மரமுரசைத் தட்டினேன். சாப்பிட்டேன். படுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய குடிலில் கூட்டம். ஒரு பக்கம் குலம்: இருபத்தோரு பேர், அத்தனை பேரும் கறுப்பு, ஏழு தாடி. மறுபக்கம் எங்கள் ஊர். யாரும் அழைக்கவில்லை, இப்படி ஒரு அசிங்கத்தைப் பார்க்காமல் விட்டால் பிறகு பேச ஒன்றுமிருக்காது என்று சர்ச் உடுப்பில் வந்திருந்தார்கள். இலைத்தியா கவாக்கிண்ணத்தின் பின்னால் உட்கார்ந்து கூரையைப் பார்த்தார். ரூபர்ட் படம்பிடிக்கும் கருவியை மூன்றுகாலில் நிறுத்தினார்.

கிர்ஸ்டன் எங்களைத் தோளைப் பிடித்துத் திருப்பி வைத்தாள். ஜாடியைத் திருப்புவது போல. முட்டி தொட வேண்டும் என்றாள். ஊர்ப்பக்கத்தில் ஒரு முனகல் எழுந்தது. மூன்று சாண் இடைவெளி என்று இறங்கிவந்தாள். நான்கு நிமிடம் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டும். பிறகு, சங்கு யார் கையில் இருக்கிறதோ அவர் இதுவரை சொல்லாததைச் சொல்ல வேண்டும். சங்கை என் கையில் வைத்துவிட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில், கொஞ்சம் பின்தள்ளி உட்கார்ந்தாள்.

கண்ணைப் பார்க்கவில்லை. ஆனாலும் முகம் எதிரில்தான் இருந்தது. பதினைந்து வயதில் பார்த்த முகம். இப்போது முன்பல் ஒன்று இல்லை. எப்போது போனது என்று தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவள் மடியில் பனையோலைக் கூடை ஒன்று இருந்தது. பாயில் ஒரு எறும்பு வந்தது. அது என் பக்கத்திலிருந்து அவள் பக்கத்துக்குப் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நிமிடம் ஒன்பது நிமிடம் ஆனது. நான் சங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். 'நாளைக்கு' என்று ஒரு வார்த்தை. இந்த முறை நிஜமாகவே நாளைக்கு. வாய்க்குள் நாக்கு வேறு யாருடையதோ போலக் கிடந்தது. தாடிக்காரர் ஒருவர் விம்ம ஆரம்பித்தார்.

அப்போது ரைஜேலி பேசினாள். என்னைப் பார்த்து இல்லை.

"ஏ டென்மார்க்கு. இங்க திரும்பு."

கிர்ஸ்டன் திரும்பினாள்.

"நீ உக்காந்திருக்கியே, அது எங்கண்ணி உக்காந்த எடம். யாரு கேட்டா ஒன்ன அங்க உக்காரச் சொல்லி? உக்காந்துட்ட. அப்ப வேலையச் செய்யி. அந்த மனுஷன்கிட்ட சொல்லு."

கிர்ஸ்டனின் கைபேசிப் பாஷைக்கு இந்த வேகம் எட்டவில்லை. வைசேயா பின்னாலிருந்து தவழ்ந்து வந்து, "நான் இங்கிலீஷ்ல சொல்றேன் தலைவியம்மா," என்று அவள் காதருகே உட்கார்ந்துகொண்டான்.

"நாளைக்குப் படகுன்னு சொல்லு," என்றாள் ரைஜேலி. "சட்டை தைச்சுப் பத்து மாசமாச்சு. பாய் முடைஞ்சு எட்டு மாசமாச்சு. எலி கடிக்காம ராவும் பகலும் பாத்துப் பாத்து என் கண்ணே போச்சு. உனைசி செத்தது அவருக்கு மட்டுமில்ல. எனக்கும்தான் ஊர்ல பேச ஆளில்ல. இந்த வைசேயாப் பயலக் கட்டிக்கிட்டா அழுறது?"

"இதையும் சொல்லணுமா?" என்றான் வைசேயா.

"வாய மூடிக்கிட்டு சொல்லுடா. என் மக கல்யாணத்தப்ப அவர் அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியனுப்புனாரு. ஒன் கையால அவிச்ச சேம்பு அம்மா அவிச்ச மாதிரியே இருக்குன்னு. அன்னிக்கு அடுப்படியில உக்காந்து அழுதேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தன நாள் பொறுத்தேன். இனிமே முடியாது. கறுப்ப எறக்குறாரா, இல்லையா? அதக் கேளு."

எனக்கு அந்தக் கல்யாணம் ஞாபகம் இருந்தது. நான் உனைசியிடம் சொல்லியனுப்பியது, சேம்பு வேகவில்லை என்று.

முப்பது வருடத்தில் இப்படி எத்தனை இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அங்கிருந்து எனக்கு வந்தவற்றையும் நினைத்தேன். போன கிறிஸ்துமஸுக்கு முந்திய கிறிஸ்துமஸில், 'எங்கண்ணன் மாதிரி இந்தத் தீவில் யார்' என்று ரைஜேலி சொன்னதாக உனைசி சொன்னாள். ரைஜேலி என்ன சொல்லியிருப்பாள் என்று இப்போது தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை. எதுவும் தோன்றவில்லை. சங்கு மட்டும் கனத்தது.

வைசேயா கிர்ஸ்டனின் காதில் பேசி முடித்தான். அவனுடைய இங்கிலீஷே அவ்வளவுதானோ, இல்லை வேண்டுமென்றே செய்தானோ, இன்றுவரை சொல்ல மாட்டேன் என்கிறான். கிர்ஸ்டன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"மூத்தவரே. தங்கள் சகோதரி பத்து மாதங்களாக இரவும் பகலும் கண்ணீர் சிந்திப் பார்வையையே இழந்துவிட்டார். ஒரு கிழங்கின் நிமித்தம் உங்களுக்குள் பிணக்கு ஏற்பட்டுள்ளது. அதை அவர் மறந்துவிட்டார். தாங்கள் அவரை மன்னிக்கிறீர்களா?"

இருபத்தோரு பேர் என் வாயைப் பார்த்தார்கள். எங்கள் ஊரும் பார்த்தது. அவர்கள் ரைஜேலியின் கேள்வியைக் கேட்டிருந்தார்கள். இவர்கள் கிர்ஸ்டனின் கேள்வியை. என்னைக் கேட்டது விருந்தாளி.

"ஆமாம்," என்றேன்.

இலைத்தியா கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். குழித்த கையால் ஒருமுறை தட்டினார். கவாக்கிண்ணத்தின் முன்னால், சாட்சியோடு சொன்ன வார்த்தை. அதையும் திருப்ப முடியாது. "எறக்குறாராம்," என்றார். ஊர் முழுக்கக் கை தட்டியது. பெண்கள் அழுதார்கள், உனைசிக்காக அழுதார்கள், பதினோரு மாதமாக எடுத்து வைத்திருந்த அழுகை. அந்தப் பக்கத்திலும் அழுதார்கள். தாடிக்காரர்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். கனடாக்காரர் என்னிடம் வந்து, தானும் தன் அண்ணனுக்கு இன்றே போன் செய்யப்போவதாகச் சொன்னார். ஆமாம் என்றேன். ரூபர்ட் கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்களைச் சுற்றிவந்தார்.

வைசேயா மீன் அறுக்கும் கத்தரியை எடுத்துவந்து என் தாடியில் பாதியை வெட்டினான். மீதியை வெட்டக் கத்தரிக்குப் பலம் போதவில்லை. "நாளைக்கு வா மச்சான், ரம்பம் கொண்டாறேன்," என்றான்.

ரைஜேலி கூடையைத் திறந்தாள். பாயை விரித்தாள். சட்டையை எடுத்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினாள். நான் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வாங்கினேன். சிவப்பில் மஞ்சள் செம்பருத்தி போட்டது. என் பழைய சட்டை ஒன்றை, உனைசி கடைசியாகத் துவைத்து மடித்து வைத்ததை, பெட்டியிலிருந்து வைசேயாவை விட்டுத் திருடச் சொல்லி அளவு எடுத்திருக்கிறாள். தையல் ஒவ்வொன்றும் எறும்பு அளவு. பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். நான் எழுந்து நின்று கறுப்பைக் கழற்றிப் பாயில் போட்டுவிட்டு, புதுச்சட்டையில் ஒரு கையை நுழைத்தேன், மறு கையை நுழைத்தேன், முன்பக்கத்தை இழுத்தேன். பாட்டு ஒரு ஓரத்திலிருந்து நின்றுகொண்டே வந்தது.

பொத்தான் ஒன்றும் பூட்டவில்லை. துக்கம் காத்த பதினோரு மாதத்தில் நான் பதினாலு கிலோ கூடியிருந்தேன்.